ஆனையிறவு உப்பிலிருந்து பீனோலா? வாசகர் கேள்வி-பதில்

பரந்தன் இரசாயன ஆலையில் குளோரீனும் எரிசோடாவும் உற்பத்தி செய்தார்களே, அவற்றைக்கொண்டு பிளாஸ்ரிக், பிசின் செய்ய உதவும் பீனோலை எடுத்திருக்கலாமா? (பரந்தன்)

வழி இருந்தது. பென்சீனைக் குளோரீனேற்றி, வரும் குளோரோபென்சீனை எரிசோடாவுடன் 350 பாகை செல்சியஸ் அளவில் பேரமுக்கத்தில் தாக்கமுறச் செய்து, பிறகு அமிலம் விட்டால் பீனோல். ஒருகாலத்தில் பெரிய ஆலைகளே இப்படித்தான் செய்தன. ஆனால் பென்சீனுக்கு எங்கே போவது? அது கிடைத்தாலும் கணக்கு உதைக்கும். ஆனையிறவு உப்பை மின்சாரத்தால் பிரித்துத்தான் குளோரீனும் சோடாவும் எடுத்தோம். இந்த முறையில் இரண்டும் கடைசியில் மறுபடி உப்பாகவே வந்து நிற்கும். இப்போது பீனோல் எடுக்கும் கியூமீன் முறையில் (அடுத்த பதிலில் பாருங்கள்) ஒட்சியேற்றுவது வெறும் வளி. அதனால்தான் அது உலகெங்கும் நிலைத்தது.

கியூமீன் முறையில் பீனோலின் ஒட்சிசன் எங்கிருந்து வருகிறது? (உயர்தர மாணவி, கிளிநொச்சி)

நல்ல கேள்வி, தங்கச்சி. பென்சீனும் புரொப்பீனும் சேர்ந்தது கியூமீன். 100 பாகை அளவில் அதனூடாக வளியைச் செலுத்தும்போது, பென்சீன் வளையத்தை ஒட்டிய காபனிலுள்ள அந்த ஒற்றை ஐதரசன்தான் இளகும். அங்கே ஒட்சிசன் புகுந்து ஐதரோபேரொட்சைட்டு உண்டாகும். சிறிது சல்பூரிக்கமிலம் பட்டதும் நீர் கழல, வளையம் காபனை விட்டு ஒட்சிசனுக்குத் தாவும். மெதைல் கூட்டத்தைத் தாவவிட்டுப் புள்ளி இழக்கிறீர்கள், தாவுவது வளையம். ஆக, பீனோலின் ஒட்சிசன் வளியினது, கூடவே வரும் அசற்றோனின் ஒட்சிசன் நீரினது. நடுவில் வரும் பேரொட்சைட்டு சூடு மீறினால் வெடிக்கும். ஆலையில் அதைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்ப்பார்கள்.

பைபர் படகு வேலையில் தூரிகை கழுவும் அசற்றோனும் இதிலிருந்துதானா? (முல்லைத்தீவு)

பெரும்பாலும் ஆம், அண்ணை. 1 தொன் பீனோலோடு ஏறக்குறைய 0.6 தொன் அசற்றோன், வேண்டாமென்றாலும் வரும். பிளாஸ்ரிக், பிசின் செய்பவர்கள் பீனோல் வாங்குவது குறைந்தால் ஆலை ஓட்டமும் குறையும், அசற்றோனுக்குத் தட்டுப்பாடு வரும். இன்னொன்று, அதன் ஆவி -20 பாகையிலேயே தீப்பற்றும். வாடிக்குள் தேநீர் அடுப்பு எரிய, பக்கத்தில் இருந்து தூரிகை கழுவாதீர்கள்.

ஆய்வுகூடப் போத்தலில் பீனோல் கட்டியாய், இளஞ்சிவப்பாய் இருக்கிறது. பழுதா? (ஆசிரியர், வவுனியா)

கட்டியாய் இருப்பது இயல்பு. உருகுநிலை 41 பாகை, சித்திரை வெயிலுக்கும் இளகாது. நிறம், வளியும் வெளிச்சமும் பட்டதால். மூடியைத் தளர்த்தி, போத்தலைச் சுடுநீரில் நிறுத்தி இளக்குங்கள். கையுறை கட்டாயம். ஒருமுறை என் விரல்நுனியில் ஒரு துளி பட்டது. வலியே இல்லை, தோல் வெள்ளையாகி மரத்துவிட்டது. வலிக்கவில்லையே என்று பிள்ளைகள் சும்மா விட்டுவிடுவார்கள். பட்ட உடனே நிறையத் தண்ணீரில் நெடுநேரம் கழுவி, வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள்.