பரணிலிருந்து இறக்கிய கம்ப்யூட்டர்: கேள்விகளும் பதில்களும்

பழைய டெஸ்க்டாப்பை மறுபடி ஓட்டிப் பார்க்க நினைப்பவர்களிடம் கேள்வி கேட்டிருந்தேன். வந்தவற்றில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

அண்ணா, 2005-ல் அப்பா வாங்கிய பென்டியம் 4. எட்டு வருஷமாகப் பரணில் கிடந்தது. நேற்று இறக்கினோம். பிளக்கைச் சொருகலாமா?

இன்றைக்கு வேண்டாம் தம்பி. முதலில் பக்கத்து மூடியைக் கழற்றுங்கள். நம் ஊர்ப் பரணில் கிடந்த கேபினெட்டுக்குள் தூசி மட்டும் இருக்காது. பல்லி முட்டை, கரப்பான் எச்சம், சில சமயம் காய்ந்துபோன பல்லியே இருக்கும். காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி, பிளோயரால் ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து மதர்போர்டில், பிராசஸரைச் சுற்றி நிற்கும் சின்ன உருளைகளைப் பாருங்கள். அவைதான் கெபாசிட்டர்கள். தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ ஆன் செய்யாதீர்கள். 2000-க்குப் பிறகு சில வருஷம் வந்த போர்டுகளில் இது பரவலான கோளாறு. கடையில் மாற்றித் தருவார்கள். கம்ப்யூட்டருக்குக் கரன்ட் பிரித்துக் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸின் பின்னால் சிவப்பு ஸ்விட்ச் இருந்தால் 230-ல் இருக்கிறதா என்று பாருங்கள். 115-ல் வைத்து நம் கரன்ட்டைக் கொடுத்தால் அந்த நிமிஷமே வெடிக்கும். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் நீங்களே திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கரன்ட் தேங்கி நிற்கும்.

இதெல்லாம் சரியாக இருந்தால், ஹார்ட் டிஸ்க்கின் இரண்டு கேபிள்களையும் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். பழைய எஸ்எம்பிஎஸ் கெட்டால் டிஸ்க்கையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். போர்டை இன்னொன்று வாங்கலாம், டிஸ்க்கில் இருப்பதை வாங்க முடியாது. திரையில் பயாஸ் (விண்டோஸுக்கு முன்னால் போர்டே காட்டும் திரை) வந்து அரை மணி நேரம் நிலையாக ஓடட்டும். அதன் பிறகு டிஸ்க்கை மாட்டலாம்.

ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு. விட்டுவிட்டு நீளமாக பீப் அடிக்கிறது.

பெரும்பாலும் ரேம்தான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ரேமைக் கழற்றி, தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேயுங்கள். ரப்பர் துகளைத் துடைத்துவிட்டு, இரண்டு பக்கக் கிளிப்பும் ‘டக்’ என்று விழும்வரை அழுத்துங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்.

ஒவ்வொரு தடவையும் எஃப்1 அழுத்தச் சொல்கிறது. தேதி 2002 காட்டுகிறது. எந்த வெப்சைட்டும் திறக்கவில்லை சார்.

போர்டில் இருக்கும் வட்ட பேட்டரி தீர்ந்துவிட்டது. சிஆர்2032 என்று கேட்டால் வாட்ச் கடையிலேயே கிடைக்கும். தேதி தப்பாக இருந்தால் வெப்சைட்களின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று பிரவுசர் மறுத்துவிடும். ஆனால் அதில் இருப்பது பழைய விண்டோஸ் எக்ஸ்பி என்றால் தேதியைத் திருத்தினாலும் பல தளங்கள் வராது. அதற்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8-ல் நிறுத்திவிட்டது. அந்த மெஷினை நெட்டில் இணைக்காமல் இருப்பதே நல்லது.

பத்து நிமிஷம் ஓடித் தானாக அணைகிறது.

பிராசஸர் சூடாகிறது. அதன் மேல் உட்கார்ந்து சூட்டை இழுக்கும் உலோகக் கட்டிதான் ஹீட் சிங்க். அதற்கு அடியில் உள்ள, சூட்டைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்திருக்கும். பழைய பென்டியம் 4 என்றால் ஒரு எச்சரிக்கை: ஹீட் சிங்க்கை நேராக இழுத்தால் ஒட்டிக்கொண்ட பிராசஸரும் சாக்கெட்டைவிட்டுப் பிடுங்கிக்கொண்டு வந்து, பின்கள் வளைந்துவிடும். சில நிமிஷம் ஓடவிட்டு, அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, சூடு ஆறுவதற்குள் இடமும் வலமுமாக லேசாகத் திருகி எடுங்கள். பழைய பேஸ்ட்டைத் துடைத்துவிட்டு, புதிதாகப் பட்டாணி அளவு போதும்.

பாட்டி இருந்தபோது எடுத்த படங்கள் எல்லாம் அந்த டிஸ்க்கில்தான் இருக்கின்றன. மாட்டினால் ‘டிக் டிக்’ என்று சத்தம் வருகிறது. என்ன செய்யட்டும் அண்ணா?

உடனே நிறுத்திவிடுங்கள் அம்மா. இன்னொரு தடவை ஆன் செய்து பார்க்காதீர்கள். உள்ளே டேட்டாவைப் படிக்கும் முனை (ஹெட்) பழுதாகியிருக்கலாம், ஒவ்வொரு சுற்றும் டேட்டா இருக்கும் வட்டத் தகட்டைக் கீறலாம். தட்டுவது, ஃப்ரிட்ஜில் வைப்பது எதுவும் வேண்டாம். டேட்டா ரெக்கவரி செய்பவரிடமே நேராகக் கொடுங்கள்.

சத்தம் இல்லாத டிஸ்க் வைத்திருப்பவர்கள் யுஎஸ்பி கன்வெர்ட்டர் வாங்கிப் புது லேப்டாப்பில் மாட்டிப் படிக்கலாம். டெஸ்க்டாப் டிஸ்க்குக்கு 12 வோல்ட் வேண்டும். தனி அடாப்டர் சேர்ந்து வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள். அகலப் பட்டை கேபிள் உள்ள ஐடிஇ டிஸ்க் என்றால் அதன் பின்னால் உள்ள ஜம்பர் என்ற சின்னச் செருகி ‘மாஸ்டர்’ என்ற இடத்தில் இருக்கட்டும்.

அப்பா தமிழில் டைப் செய்து வைத்த கடிதங்களைப் புது லேப்டாப்பில் திறந்தால், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிறுக்கலாக வருகிறது. ஃபைல் கெட்டுவிட்டதா?

கெடவில்லை. இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு நிம்மதி. பலர் இப்படிப்பட்ட ஃபைலை அழித்துவிடுகிறார்கள். எல்லா மெஷினிலும் தமிழைத் தமிழாகவே காட்டும் பொது முறையான யுனிகோட் பரவுவதற்கு முன்பு பாமினி போன்ற ஃபான்ட்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்திருந்தன. பாமினியில் அரைப்புள்ளிதான் மெய்யெழுத்தின் புள்ளி. அதனால் ஃபான்ட் இல்லாத மெஷினில் கிறுக்கலாகத் தெரியும். பழைய டிஸ்க்கில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதை முழுதாக காப்பி எடுத்து, அப்பாவின் ஃபான்ட்டைப் புது மெஷினில் நிறுவுங்கள். கடிதம் அப்படியே வந்துவிடும். பிறகு எழுத்துரு மாற்றியில் போட்டு யுனிகோடில் ஒரு பிரதி எடுங்கள், மூலத்தை அழிக்காதீர்கள். டிஸ்க்கை ஃபார்மேட் செய்யும் யோசனை இருந்தால், அந்த ஃபான்ட்ஸ் ஃபோல்டரை எடுத்த பிறகு செய்யுங்கள்.