வாக்காளர் பட்டியலில் தொடங்கி முடிவுத் தாள் வரை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

தேர்தல் கண்காணிப்பு, வாக்குரிமை இயக்கங்கள் பற்றி வந்த கேள்விகளில் எட்டை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். வந்ததில் பாதிக்கு மேல் ஓட்டுப் போடும் நாளைப் பற்றியவை. என் பதில்களில் பெரும்பகுதி அதற்கு முந்தைய மாதங்களையும் அன்றைய இரவையும் பற்றித்தான் இருக்கும். வேலை அங்கேதான் இருக்கிறது.

நாங்கள் பதினைந்து பேர். தேர்தலுக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்கலாம் என்று யோசனை. எங்கிருந்து தொடங்குவது?

பட்டியலை இரண்டு திசையிலும் சோதிக்க வேண்டும். முதலில் பட்டியலிலிருந்து ஆளைத் தேடிப் போவது. குலுக்கல் முறையில் நூறு பெயர்களை எடுத்து, அந்த முகவரியில் அந்த ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள். இறந்தவர்கள், வீடு மாறியவர்கள், இரண்டு இடத்தில் பதிவானவர்கள் இதில் அகப்படுவார்கள். அடுத்தது ஆளிலிருந்து பட்டியலுக்கு வருவது. தெருவில் இறங்கி, வயது வந்த நூறு பேரிடம் பெயர் கேட்டு வந்து, பட்டியலில் தேடுங்கள். விடுபட்டவர்கள் இதில்தான் தெரிவார்கள்.

பெரும்பாலான குழுக்கள் முதல் சோதனையோடு நின்றுவிடுகின்றன. கையில் பட்டியல் இருக்கிறது, அதை டிக் அடித்துக்கொண்டே போவது சுலபம். விடுபட்டவரின் பெயர் எந்தத் தாளிலும் இல்லையே, அவரை எங்கே போய்த் தேடுவது? விளைவு, பெயரைச் சேர்க்கக் கிளம்பிய குழு பெயரை நீக்குகிற குழுவாகி ஊர் திரும்பும்.

நானும் இதில் மாட்டியிருக்கிறேன். ஒருமுறை எங்கள் குழு பூட்டியிருந்த வீடுகளை எல்லாம் 'ஆள் இல்லை' என்று குறித்துக்கொண்டு வந்தது. போனது பகல் பதினொரு மணிக்கு. சந்தேகப்பட்டு மாலை ஏழு மணிக்கு மறுபடி போனால், பாதிக்கு மேற்பட்ட கதவுகள் திறந்தன. வேலைக்குப் போனவர்களை எல்லாம் பட்டியலிலிருந்து கிளப்பப் பார்த்திருக்கிறோம்! பூட்டிய வீட்டுக்கு வேறு வேறு நேரத்தில் மூன்று தடவையாவது போகாமல் எதையும் எழுதாதீர்கள். வாடகைக்கு இருப்பவர்கள், கல்யாணமாகி இடம் மாறிய பெண்கள், முதல்முறை ஓட்டுப் போடப்போகிற பிள்ளைகள், இந்த மூன்று கூட்டத்தையும் தனியாக விசாரியுங்கள். விடுபடுவது பெரும்பாலும் இவர்கள்தான்.

பட்டியல் வேலை எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் சிலி நாட்டைச் சொல்லலாம். 1973-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு பழைய வாக்காளர் பதிவேடுகள் அழிக்கப்பட்டன. 1987-இல் பதிவு மறுபடி தொடங்கியபோது, 'சர்வாதிகாரியின் பதிவேட்டில் போய் ஏன் பெயர் கொடுக்க வேண்டும்' என்று பலர் தயங்கினார்கள். குடிமக்கள் குழுக்கள் மாதக்கணக்கில் பேசிப்பேசி அவர்களைப் பதிவு அலுவலகம் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தன. 70 லட்சத்துக்கும் அதிகமானோர் பதிவு செய்தார்கள். 1988 அக்டோபர் 5 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் ராணுவ ஆட்சியாளர் பினோசேயின் ஆட்சி நீடிப்பதற்கு 'வேண்டாம்' என்ற பதில்தான் வென்றது.

எல்லோருக்கும் ஓட்டு உண்டு என்று சட்டமே சொல்லிவிட்டது. இனி எதைப் பாதுகாக்க வேண்டும்?

சட்டத்துக்கும் வாக்குச்சாவடிக்கும் நடுவில் ஒரு மேசை இருக்கிறது. அதன் பின்னால் ஓர் அதிகாரி உட்கார்ந்திருக்கிறார்.

அமெரிக்காவில் நிறத்தைக் காட்டி ஓட்டை மறுக்கக் கூடாது என்ற அரசியல் சட்டத் திருத்தம் 1870-லேயே வந்துவிட்டது. 1962-இல் ஃபேனி லூ ஹேமர் என்ற பருத்தித் தோட்டத் தொழிலாளி மிசிசிப்பியில் பெயரைப் பதியப் போனார். மாநில அரசியல் சட்டத்தில் ஒரு பிரிவைக் கொடுத்து, பார்த்து எழுதி அதற்கு விளக்கமும் எழுதச் சொன்னார்கள். எந்தப் பிரிவைக் கொடுப்பது என்பது அதிகாரியின் இஷ்டம், விளக்கம் சரியா தப்பா என்பதும் அவர் இஷ்டம். ஹேமருக்கு வந்தது வழக்கறிஞர்களே யோசித்துப் பதில் சொல்கிற மாதிரியான ஒரு பிரிவு. தேறவில்லை. வீடு திரும்பினால், பதிவு முயற்சியைக் கைவிடச் சொன்னார் தோட்ட முதலாளி. மறுத்ததால் பதினெட்டு வருடம் வேலை பார்த்த தோட்டத்தை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. விடாமல் மறுபடி எழுதி, அடுத்த ஆண்டு பெயரைச் சேர்த்தார்.

1965 மார்ச் 7 அன்று அலபாமா மாநிலத்தின் செல்மா நகரப் பாலத்தில் வாக்குரிமை கேட்டு ஊர்வலமாக வந்தவர்களைப் போலீஸ் அடித்துத் துரத்தியது. அதே ஆண்டு ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டம் வந்தது. 1965-இல் மிசிசிப்பியில் பதிவாகியிருந்த கறுப்பின மக்கள் 7 விழுக்காடுகூட இல்லை. 1967-இல் அது ஏறக்குறைய 60. அந்த மேசையின் மேல் ஒரு கண் வைத்ததால் வந்த மாற்றம் இது. வாக்களிப்பு விதிகளை மாற்றுவதற்கு முன் மத்திய அரசின் ஒப்புதல் பெற வேண்டும் என்று சில மாநிலங்களைச் சட்டம் கட்டிப்போட்டிருந்தது. எந்தெந்த மாநிலங்கள் என்று தீர்மானிக்கும் சூத்திரத்தை 2013-இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. டெக்சாஸ் அன்றைக்கே தன் கடுமையான அடையாள அட்டைச் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவருவதாக அறிவித்தது. வென்ற உரிமையும் காவல் இல்லாவிட்டால் எவ்வளவு வேகமாக நகரும் பாருங்கள்.

அழியாத மை வைத்துவிட்டால் கள்ள ஓட்டு நின்றுவிடுமா?

ஒரே ஆள் இரண்டு தடவை போடுவது நிற்கும், அதுவும் மை ஒழுங்காக இருந்தால். மையில் இருக்கும் சில்வர் நைட்ரேட் வெளிச்சம் பட்டதும் தோலில் கறையாகிவிடும், தோல் உதிர்ந்து நகம் வளர்ந்தால்தான் போகும். 2004-இல் ஆப்கானிஸ்தான் அதிபர் தேர்தலில் சில சாவடிகளில் வைத்த மை கழுவினால் போய்விட்டது. அன்றைக்கே வேட்பாளர்கள் பலர் தேர்தலைப் புறக்கணிப்பதாகச் சொல்லிப் பெரிய ரகளை. மலேசியாவில் 2008-இல் மை வைப்பதாக இருந்து, ஓட்டுப்பதிவுக்கு நான்கு நாள் முன்பு கைவிட்டார்கள். தேர்தல் சீர்திருத்தத்துக்காகப் போராடும் பெர்சே இயக்கம் தொடர்ந்து கேட்டு 2013-இல் வந்தது. வந்த பிறகு அதுவும் அழிகிறது என்று புகார்!

மை வைப்பதற்கு முன் விரலில் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைக்கிறார்களா, காயும் வரை நிற்க வைக்கிறார்களா என்று பாருங்கள். எண்ணும்போது நடக்கும் தில்லுமுல்லுக்கு மை எந்த வகையிலும் தடையில்லை.

ஆயிரம் சாவடிகளின் முடிவை மட்டும் வைத்து நாட்டு முடிவையே சொல்லிவிடுகிறார்களாமே, அதை எப்படி நம்புவது?

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். ஆனால் பானையைக் கிளறியிருக்க வேண்டும். அடியில் பிடித்திருக்க, மேலே ஒன்றை எடுத்து நசுக்கிப் பார்த்தால் என்ன தெரியும்? நீங்கள் கேட்கும் முறைக்கு இணை எண்ணிக்கை என்று பெயர். அதில் கிளறுவது என்றால் குலுக்கல். நாட்டிலுள்ள எல்லாச் சாவடிகளின் பட்டியலையும் வைத்து, எதற்கும் சலுகை காட்டாமல் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு சாவடிகளைத் தேர்ந்தெடுப்பார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு தொண்டர் காலையிலிருந்து எண்ணி முடியும் வரை இருந்து, அங்கே அறிவித்த எண்ணிக்கையை அப்படியே அனுப்புவார்.

கருத்துக்கணிப்போடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே 'யாருக்குப் போட்டீர்கள்' என்று கேட்கிறார்கள், ஜனங்கள் மாற்றிச் சொல்லலாம். இங்கே யாரையும் எதுவும் கேட்பதில்லை. விழுந்த ஓட்டுகளின் கணக்குதான் வருகிறது.

கானாவில் 2008 டிசம்பர் அதிபர் தேர்தலின் இரண்டாம் சுற்றில் 90 லட்சம் ஓட்டுகளில் வித்தியாசம் வெறும் நாற்பதாயிரத்துச் சொச்சம். வென்றவர் 50.23 விழுக்காடு. அங்கிருந்த குடிமக்கள் பார்வையாளர் கூட்டமைப்பு ஆயிரத்துச் சொச்சம் சாவடிகளை வைத்துப் போட்ட கணக்கு அதிகாரபூர்வ முடிவோடு ஒத்துப்போனது. இழுபறியில் ஊர் கொந்தளித்துக்கொண்டிருந்தபோது இந்த ஒப்புதலுக்கு இருந்த மதிப்பு கொஞ்சமில்லை. முறைகேட்டைக் கண்டுபிடிக்கும் கருவி என்று இதை நினைப்பவர்கள் அதிகம். நியாயமான முடிவை நியாயமானது என்று உறுதிசெய்வதும் இதே கருவிதான்.

பிலிப்பைன்ஸில் 1986 பிப்ரவரி அதிபர் தேர்தலில் நாம்ஃப்ரெல் என்ற குடிமக்கள் கண்காணிப்பு அமைப்பு குலுக்கலை நம்பவில்லை. லட்சக்கணக்கான தொண்டர்களை இறக்கி எல்லாச் சாவடிகளையும் எண்ணப் பார்த்தது. அதன் கணக்கில் கோரசான் அக்கினோ முன்னணி, அரசுக் கணக்கில் அதிபராக இருந்த மார்க்கோஸ் முன்னணி. தேர்தல் ஆணையத்தில் கணினியில் வேலை பார்த்தவர்களே, தாங்கள் ஏற்றிய எண்களும் பலகையில் காட்டும் எண்களும் பொருந்தவில்லை என்று எழுந்து வெளியேறினார்கள். அந்த மாதமே மார்க்கோஸ் நாட்டை விட்டுப் போனார்.

இணை எண்ணிக்கை எல்லா இடத்திலும் நடக்காது. சாவடியிலேயே எண்ணி, அங்கேயே அறிவிக்கும் நாட்டில்தான் இந்த வடிவத்தில் செய்ய முடியும். பெட்டிகளை ஓரிடத்துக்குக் கொண்டுபோய்க் கலந்து எண்ணினால், ஒப்பிடச் சாவடிக் கணக்கே கிடைக்காது. அப்புறம், குலுக்கலில் வந்த சாவடி மலை உச்சியில் இருக்கிறது என்பதற்காகப் பக்கத்தில் பஸ் போகும் சாவடிக்கு மாற்றிக்கொள்வது. நல்ல குழுக்களே இதில் சறுக்கியிருக்கின்றன. பத்துச் சாவடியை இப்படி மாற்றினால் பானையைக் கிளறாத கதைதான்.

வீட்டை விட்டு வெளியே போக முடியாது. கணினி இருக்கிறது. நான் எப்படி உதவலாம்?

உங்களைப் போன்ற சுமார் 700 பேர்தான் 2014-இல் இந்தோனேசியாவில் வேலை செய்தார்கள். அதிபர் தேர்தலில் இரண்டு தரப்பும் வெற்றி என்று அறிவித்துக்கொண்டன. தேர்தல் ஆணையம் சாவடி முடிவுத் தாள்களைப் படமெடுத்து இணையத்தில் போட்டிருந்தது, 4 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேல். அத்தனை தாளையும் உட்கார்ந்து யார் கூட்டுவது? 'கவால் பெமிலு' என்று ஒரு தளம் அமைத்து, தாளைப் பார்த்து எண்ணைத் தட்டச்சு செய்தார்கள். சில நாட்களில் முழுக் கூட்டல் தயார். ஆணையம் தாள்களை வெளியிட்டதால் இது சாத்தியமாயிற்று. உங்கள் நாட்டில் வெளியிடுவதில்லை என்றால், உங்கள் முதல் கோரிக்கை அதுவாக இருக்கட்டும்.

தாளைப் பார்க்கும்போது கூட்டலை மட்டும் பார்க்காதீர்கள். விழுந்த ஓட்டு பதிவான வாக்காளர்களைவிட அதிகமா, செல்லும் ஓட்டும் செல்லாத ஓட்டும் சேர்ந்தால் பெட்டிக் கணக்கு வருகிறதா, எண்ணில் எழுதியதும் எழுத்தில் எழுதியதும் ஒன்றா, முகவர்களின் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். பல சாவடித் தாள்கள் ஒரே கையெழுத்தில் இருந்தால் எடுத்து வையுங்கள்.

மலாவியில் 2019 தேர்தலை வீழ்த்தியது வெள்ளைத் திருத்த மை. முடிவுத் தாள்களில் எண்களின் மேல் அதைப் பூசித் திருத்தியிருந்தார்கள். மக்கள் மாதக்கணக்கில் தெருவில் நின்றார்கள், வழக்கு நடந்தது. 2020 பிப்ரவரி 3 அன்று ஐந்து நீதிபதிகள் தேர்தலை ரத்து செய்தார்கள். ஜூனில் மறுதேர்தல், ஆட்சி மாறியது. தெருவில் ஆயிரம் பேர் நின்றிருந்தாலும், நீதிமன்ற மேசையில் பேசியது அந்தத் தாள்கள்.

எங்கள் குழு ஒரு கட்சியின் ஆள் என்று பேசுகிறார்கள். என்ன செய்வது?

பேசத்தான் செய்வார்கள். எல்லோருக்கும் ஒரே படிவம் வைத்துக்கொள்ளுங்கள், பணம் எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே எழுதி வெளியிடுங்கள், கட்சிப் பொறுப்பில் இருப்பவரைக் குழுவில் வைக்காதீர்கள். 1999-இல் அகமதாபாத் மேலாண்மைக் கல்வி நிறுவனப் பேராசிரியர்கள் தொடங்கிய ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கத்தின் வழக்கில்தான், வேட்பாளர்கள் குற்ற வழக்கு, சொத்து, கல்வி விவரங்களை வெளியிட வேண்டும் என்று 2002-இல் இந்திய உச்ச நீதிமன்றம் சொன்னது. அதை முடக்க வந்த சட்டத்திருத்தத்தையும் 2003-இல் நீதிமன்றம் தள்ளிவிட்டது. அந்தப் பிரமாணப் பத்திரங்களிலிருந்து சங்கம் எடுத்துப் போடும் அட்டவணையில் எல்லாக் கட்சிக்கும் அதே கட்டங்கள்தான்.

சாவடியில் முறைகேட்டைக் கண்ணால் பார்த்தால் உடனே வீடியோ போடலாமா?

பொறுங்கள். பல நாடுகளில் சாவடிக்குள் படமெடுப்பதே குற்றம், மாட்டுவது நீங்களாக இருக்கும். சாவடி எண், நேரம், நீங்கள் நேரில் பார்த்தது, உடன் பார்த்தவர் யார், இந்த நான்கையும் முதலில் காகிதத்தில் எழுதுங்கள். சாவடி அதிகாரியிடம் எழுத்தில் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். யாரோ சொன்னதை 'பார்த்தேன்' என்று எழுதாதீர்கள்.

கையெழுத்து இயக்கத்தால் ஏதாவது நடக்குமா? குப்பைக்கூடைக்குப் போகிற காகிதம் என்கிறார் என் அண்ணன்.

ஒருமுறை கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தால் அண்ணன் சொல்வது சரி. சட்டமே வந்தாலும் சும்மா இருக்க முடியாது. மலேசியாவில் வாக்களிக்கும் வயதை 21-லிருந்து 18 ஆக்க மாணவர்கள் நடத்திய இயக்கத்துக்கு 2019 ஜூலையில் நாடாளுமன்றம் வழிவிட்டது. அமலுக்கு வருவது தள்ளிக்கொண்டே போனது. இளைஞர்கள் நீதிமன்றம் போன பிறகு, 2021 டிசம்பர் 15-இல்தான் வந்தது.

நியூசிலாந்தில் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு 1891-இல் மனு கொடுத்தார்கள், நடக்கவில்லை. 1892-இல் இன்னும் பெரிதாகக் கொடுத்தார்கள், அதுவும் நடக்கவில்லை. 1893-இல் கேட் ஷெப்பர்டும் தோழிகளும் ஏறக்குறைய 32 ஆயிரம் கையெழுத்து சேர்த்தார்கள். பெரிய மனுவின் தாள்களை ஒன்றோடொன்று ஒட்டி, ஒரு துடைப்பக் கட்டையில் சுற்றினார்கள். நீளம் 270 மீட்டருக்கும் மேல். நாடாளுமன்றத்தில் அதைக் கொண்டுவந்த உறுப்பினர் அவையின் நடுவே உருட்டிவிட, உருண்டு போய் எதிர்ச்சுவரில் 'டம்' என்று இடித்து நின்றது. அந்த செப்டம்பர் 19-இல் சட்டமாயிற்று, நவம்பரில் பெண்கள் ஓட்டுப் போட்டார்கள்.

நீங்கள் தொடங்குவதாக இருந்தால் ஒன்று: ஒவ்வொரு தாளின் தலையிலும் கோரிக்கை முழுவதையும் அச்சிடுங்கள். முதல் பக்கத்தில் மட்டும் கோரிக்கை, மீதியில் வெறும் பெயர்கள் என்று இருந்தால், எதற்குக் கையெழுத்துப் போட்டார்கள் என்றே தெரியாது என்று ஒதுக்கிவிடுவார்கள்.