டீமில் யாரும் சும்மா இல்லை, ஆனால் ரிலீஸ் ஒன்றும் சொன்ன திகதிக்குப் போவதில்லை. இன்னும் இரண்டு டெவலப்பர் எடுத்தால் சரிவருமா?

கல்முனையில் எட்டுப் பேரோடு மெல்பேர்ன் கிளையன்ட் ஒருவருக்கு வேலை செய்கிறோம் என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அதை வைத்தே சொல்கிறேன்.

ஆள் எடுக்காதீங்க தம்பி, இப்போதைக்கு வேண்டாம். ஐபிஎம்மில் ஓஎஸ்/360 என்ற இயங்குதளத்தை உருவாக்கும் வேலையை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் 1975இலேயே எழுதிவிட்டார்: பிந்திப்போன மென்பொருள் வேலைக்கு ஆள் சேர்த்தால் அது இன்னும் பிந்தும். புதிதாக வருகிறவருக்குச் சொல்லிக்கொடுக்க உங்கட திறமான ஆளைத்தான் கழற்ற வேண்டி வரும்.

முதலில் வேலைக்கு ஒரு கார்டாக எல்லாவற்றையும் போட்டு வைத்திருக்கும் உங்கட போர்டைத் திறந்து, தொடங்கி முடியாமல் எத்தனை கார்ட் கிடக்கிறது என்று எண்ணுங்கள். மட்டக்களப்பில் நான் பார்த்த டீம்களில் ஆளுக்குக் குறைந்தது இரண்டு இருக்கும். இதற்கொரு கணக்கு உண்டு, லிட்டில் விதி என்பார்கள். ஜோன் லிட்டில் 1961இல் நிறுவிக் காட்டியது. கையில் கிடக்கும் வேலையை வாரத்துக்கு முடியும் வேலையால் வகுத்தால், ஒரு வேலை முடிய எடுக்கும் சராசரிக் காலம் வரும். 16 கார்ட் திறந்து கிடக்க வாரத்துக்கு 4 முடிகிறதென்றால் ஒவ்வொன்றுக்கும் நாலு வாரம். அதே நாலையே முடித்துக்கொண்டு, திறந்ததை 8 ஆக்கினால் இரண்டு வாரம். ஒருவரும் கூடுதலாக ஒரு வரி கோட் எழுதவில்லை.

"அப்ப கார்ட் இல்லாதவன் என்ன செய்வான், சும்மா இருப்பானா?" என்று முதலாளி கேட்பார். மற்றவர் எழுதியதை ரிவியூ பண்ணட்டும், டெஸ்ட் பண்ணட்டும். வெட்டின வேளாண்மையைச் சூடடிக்காமல் அடுத்த வட்டைக்குக் கத்தியோடு போகிறவரை நம்மட ஊரில் யாரும் கெட்டிக்காரன் என்று சொல்வதில்லையே.

அந்த நாலு வாரத்தில் கோட் எழுதிய நேரம் சில நாள்தான் இருக்கும். மிச்சமெல்லாம் காத்திருப்பு: ரிவியூவுக்கு, டெஸ்டருக்கு, முக்கியமாகக் கிளையன்டின் பதிலுக்கு. மெல்பேர்ன் நம்மைவிட நாலரை மணித்தியாலம் முன்னுக்கு, அவர்களின் கோடையில் ஐந்தரை. நாம் பகல் சாப்பாட்டுக்கு எழும்பும்போது அங்கே ஒஃபிஸ் பூட்டுகிறார்கள். பின்னேரம் மூன்று மணிக்கு அனுப்பிய கேள்விக்கு அடுத்த நாள்தான் பதில்; அன்று வெள்ளி என்றால் திங்கள். கேள்விகளைக் காலையில் முதல் வேலையாக அனுப்பிவிடுங்கள். காலை மீட்டிங்கிலும் ஆளாளுக்கு "நேற்று என்ன செய்தாய்" என்று கேட்பதை விட்டுவிட்டு, முடியும் தறுவாயில் இருக்கும் கார்டிலிருந்து தொடங்கி "இது எதற்காக நிற்கிறது" என்று கேளுங்கள்.

ரிலீஸைச் சிறியதாக்குங்கள், கையால் செய்யாதீர்கள். 2012 ஓகஸ்டில் அமெரிக்காவின் நைட் கப்பிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனத்தில், எட்டு சேர்வர்களில் ஒன்றுக்கு மட்டும் புதுக் கோட் போடாமல் விடுபட்டது. சுமார் 45 நிமிடத்தில் 440 மில்லியன் டொலருக்கு மேல் போயிற்று. நமக்கு அவ்வளவு பணம் இல்லை, ஆனால் கார்த்திகை, மார்கழி மழை இருக்கிறது. ஒருவரின் லெப்டொப்பிலிருந்து ரிலீஸ் போய்க்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பாதி பழசு, பாதி புதுசு. கிளவுடில் ஓடும் பைப்லைனில், அதாவது ரிலீஸின் படிகளைத் தானாகவே செய்யும் ஏற்பாட்டில், விட்டால், இங்கே லைன் அறுந்தாலும் அது தன் பாட்டில் முடியும். வெள்ளிக்கிழமை ரிலீஸ் வைக்கவே வேண்டாம். ஜும்ஆவுக்குப் போன பொடியன்கள் திரும்பி வரும்போது மெல்பேர்னில் வார விடுமுறை தொடங்கியிருக்கும், பிழைத்தால் கேட்க ஆளில்லை.

திகதி சொல்வதற்கும் ஊகம் தேவையில்லை. கடைசியாக முடிந்த 20 கார்டும் தொடங்கி முடிய எத்தனை நாள் எடுத்தன என்று ஏறுவரிசையில் எழுதுங்கள். 17ஆவதாக வரும் எண்ணைக் கிளையன்டிடம் சொல்லுங்கள்; இருபதில் பதினேழு அதற்குள் முடிந்தவைதானே. அவர் அதைக் குறைக்கச் சொன்னால் போர்டைக் காட்டி, எந்தக் கார்டைக் கழற்றலாம் என்று அவரையே கேளுங்கள்.