நோத்தாரியோ வக்கீல் அல்ல: எதிர்வீட்டுக்கு வந்தவர்கள் பற்றிக் கேள்வி பதில்

ஹூஸ்டனில் ஸ்பானிஷ் பேசும் குடியேறிகளுக்குச் சனிக்கிழமைதோறும் ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். பதினோரு ஆண்டுகள் ஆகிவிட்டன. வகுப்பு என்று பெயர்தான். பாதி நேரம் யாருக்காவது வந்த கடிதத்தைப் படித்துச் சொல்வதிலேயே போய்விடும். அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நான் வக்கீல் அல்ல. இதை இன்னொரு முறையும் சொல்வேன்.

அக்கா, எதிர்வீட்டுக்கு வெனிசுவேலாக் குடும்பம் ஒன்று வந்திருக்கிறது. அகதிகள் என்கிறார்கள். அரசே எல்லாம் கொடுக்குமே, நாங்கள் செய்ய என்ன இருக்கிறது? (டாலஸ்)

தமிழில் 'அகதி' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். இங்கே சட்டத்தில் அது இரண்டு. வெளிநாட்டிலேயே விசாரணை முடிந்து அகதியாக ஏற்கப்பட்டு வந்திறங்குபவருக்கு மீள்குடியேற்ற அமைப்பு ஒன்று வீடு பார்த்து வைத்திருக்கும். முதல் 90 நாட்களுக்கு அடிப்படைத் தேவைகளையும் கவனிக்கும். இங்கே வந்த பிறகு தஞ்சம் கேட்பவருக்கு இவற்றில் ஒன்றும் கிடையாது. மனுக் கொடுத்து 150 நாட்கள் கழிந்த பிறகுதான் வேலை அனுமதிக்கே விண்ணப்பிக்கலாம் என்பது பல ஆண்டுகளாக இருந்துவரும் விதி. அதுவரை வாடகைக்கு எங்கே போவார்கள்? முதல் வகையினரை ஏற்கும் திட்டமும் 2025 ஜனவரியில் நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகவே உங்கள் எதிர்வீட்டார் இரண்டாவது வகையாகவே இருக்கக்கூடும்.

அதற்காகக் கதவைத் தட்டி "எப்படி வந்தீர்கள், எல்லை வழியாகவா?" என்று கேட்டுவிடாதீர்கள். அதைச் சொல்வதும் சொல்லாததும் அவர்கள் விருப்பம். எந்தப் பஸ் எங்கே போகும், துணி துவைக்கும் இயந்திரத்துக்கு எந்தக் காசு போட வேண்டும் என்று காட்டுங்கள். அது போதும், தம்பி.

வக்கீல் கட்டணம் கட்டுப்படியாகாது என்கிறார் எனக்குத் தெரிந்த ஒருவர். கடைத்தெருவில் 'நோத்தாரியோ' என்று பலகை வைத்திருப்பவர் குறைந்த பணத்தில் மனு எழுதித் தருகிறாராம். போகச் சொல்லலாமா? (சான் அன்டோனியோ)

வேண்டவே வேண்டாம். இந்த ஒரு சொல்லால் நாசமானவர்கள் ஏராளம். மெக்சிகோவிலும் வேறு பல லத்தீன் அமெரிக்க நாடுகளிலும் நோத்தாரியோ என்றால் சட்டம் படித்து, அரசின் நியமனம் பெற்ற பெரிய மனிதர். அமெரிக்க நோட்டரியோ நீங்கள் கையெழுத்துப் போடுவதைப் பார்த்து முத்திரை குத்துபவர். அதற்குச் சட்டப் படிப்பே தேவையில்லை. ஊரிலிருந்து வந்தவர் பலகையைப் பார்த்ததும் அந்தப் பெரிய மனிதர் என்று நம்பி உள்ளே போய்விடுகிறார். நோட்டரிகள் அந்த ஸ்பானிஷ் சொல்லை விளம்பரத்தில் போடக்கூடாது என்று டெக்சஸ் சட்டமே தடுக்கிறது. பலகைகள் என்னவோ குறையவில்லை.

என் வகுப்புக்கு ஹோண்டுராஸ்காரப் பெண் ஒருவர் நீல நிறப் பிளாஸ்டிக் உறையில் ஒரு மனு நகலோடு வந்தார். இரண்டு மாத வாடகைப் பணத்தை ஒரு நோத்தாரியோவிடம் கொடுத்து எழுதி வாங்கியது. முழுக்க ஆங்கிலம். நான் வரிவரியாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். "உங்கள் அண்ணனின் கடையில் கும்பல் புகுந்து அவரைச் சுட்டதாக எழுதியிருக்கிறதே" என்றதும் என்னை நிமிர்ந்து பார்த்தார். "எனக்கு அண்ணனே இல்லையே" என்றார். வேறு யாருடைய கதையையோ அப்படியே ஒட்டியிருந்தார்கள். கீழே, 'இதில் உள்ளவை அனைத்தும் உண்மை' என்ற உறுதிமொழிக்கு அடியில், அவருடைய கையெழுத்து. அதைச் சரிசெய்ய நல்ல வக்கீலுக்கே மூச்சு முட்டியது.

வழி இருக்கிறது. லாப நோக்கமற்ற சட்ட உதவி அமைப்புகளில் மத்திய அரசின் நீதித்துறையிடம் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகள் இருக்கிறார்கள். வக்கீலாக இல்லாவிட்டாலும் இமிக்ரேஷன் வழக்குகளைக் கையாள அனுமதி பெற்றவர்கள். இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ செய்வார்கள். நீதித்துறையே அவர்களின் பட்டியலை வெளியிடுகிறது. வரிசை நீளம்தான். ஆனால் நாட்டுக்குள் வந்த ஓராண்டுக்குள் தஞ்ச மனு போய்ச் சேர வேண்டும் என்பது 1996 சட்டம். முதல் மாதமே பெயரைப் பதியச் சொல்லுங்கள். நீங்களாக மனுவை நிரப்பிக் கொடுக்காதீர்கள். நானும் கொடுப்பதில்லை, நான் வக்கீல் அல்ல.

தஞ்சம் கேட்டவர் வீடு மாறும்போது எதைக் கவனிக்க வேண்டும்? (ஆஸ்டின்)

குடியேற்ற நீதிமன்றத்தில் வழக்கு இருந்தால் 5 வேலை நாட்களுக்குள் அங்கே தனிப் படிவம் கொடுக்க வேண்டும். குடியுரிமை, குடியேற்றச் சேவை அலுவலகத்துக்கு 10 நாட்களுக்குள் இன்னொரு படிவம். ஒன்றுக்குச் சொன்னால் மற்றதற்குத் தெரிந்துவிடும் என்று நம்பக்கூடாது. விசாரணைக் கடிதம் பழைய வீட்டுக்குப் போய், இவர் ஆஜராகாவிட்டால், ஆளில்லாமலே வெளியேற்ற உத்தரவு வந்துவிடும். இன்னொன்று: தபால் பெட்டியின் உள்பக்கம் வீட்டில் உள்ள எல்லோர் பெயரையும் எழுதி ஒட்டுங்கள். பெயர் இல்லாததால் கடிதம் திரும்பிப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

படிவத்தில் 'கடைசிப் பெயர்' என்ற கட்டம். நான் உதவும் லத்தீன் அமெரிக்கக்காரருக்கு நாலு பெயர்கள்! எதை எழுதுவது? (எடிசன்)

அப்பாவின் ஊரையோ இனிஷியலையோ குடும்பப்பெயராக்கிக்கொண்டு தவித்த நம்மைவிட இது யாருக்குப் புரியும்? அவர்கள் வழக்கப்படி குடும்பப்பெயர் இரண்டு: முதலில் தந்தைவழிப் பெயர், பிறகு தாய்வழிப் பெயர். பிடல் காஸ்ட்ரோ ரூஸ் என்பதில் காஸ்ட்ரோ அப்பாவுடையது, ரூஸ் அம்மாவுடையது. இங்குள்ள குமாஸ்தாவிடம் விட்டால் காஸ்ட்ரோவை நடுப்பெயராக்கி ரூஸ் என்று கோப்பில் சேர்த்துவிடுவார். பாஸ்போர்ட்டில் உள்ளபடி இரண்டையும் எழுதுங்கள், எல்லாப் படிவத்திலும் ஒரேபோல. நடுவில் கோடு போட்டு அழகுபடுத்த வேண்டாம்.

ஆவணம் இல்லாத பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பார்களா?

சேர்க்க வேண்டும். டெக்சஸ் சட்டம் ஒன்றை எதிர்த்த வழக்கில் 1982-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு அது. வசிப்பிடச் சான்றும் தடுப்பூசி விவரமும் கேட்கலாம், விசா கேட்கக்கூடாது.

செயலியில் ஆறு மாதம் ஸ்பானிஷ் கற்றேன். குவாத்தமாலாக்காரர் ஒருவரிடம் பேசினால் எல்லாவற்றுக்கும் 'சீ, சீ' (ஆமாம், ஆமாம்) என்று தலையாட்டுகிறார். என் உச்சரிப்பு அவ்வளவு மோசமா? (ராலே)

உச்சரிப்பைக் குறை சொல்லாதீர்கள். அவருக்கே ஸ்பானிஷ் அரைகுறையாக இருக்கலாம். குவாத்தமாலாவில் மட்டும் 22 மாயா மொழிகளுக்கு அங்கீகாரம் உண்டு: மாம், கிச்சே, இன்னும் பல. இந்தியர் என்றாலே இந்தி தெரியும் என்று நம்மிடம் பேச ஆரம்பிப்பவர்களைப் போலத்தான் இதுவும். "வீட்டில் என்ன மொழி?" என்று கேட்டுப் பாருங்கள், முகம் மாறும். மருத்துவமனையில் அந்த மொழிக்கே மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம்; மத்திய அரசுப் பணம் பெறும் இடங்கள் மொழி உதவி தரக் கடமைப்பட்டவை. பத்து வயதுப் பிள்ளையை அம்மாவின் நோயைப் பற்றி மொழிபெயர்க்க வைக்காதீர்கள்.

வெனிசுவேலாக்காரர்களுக்குச் சிக்கன் பிரியாணி கொடுத்தேன். ஒரு வாய்தான் சாப்பிட்டார்கள். பிடிக்கவில்லையோ? (டாலஸ், மீண்டும்)

லத்தீன் அமெரிக்கா என்றாலே மெக்சிகோ மிளகாய் என்று நினைத்துவிட்டீர்கள். வெனிசுவேலாச் சமையலில் காரம் குறைவு. அடுத்த முறை தயிர்சாதமோ இட்லியோ கொடுங்கள். கிறிஸ்துமஸ் சமயத்தில் மக்காச்சோள மாவை வாழையிலையில் பொதிந்து வேகவைத்த 'அயாக்கா' உங்கள் வீட்டுக்கு வரும். உள்ளே மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் இருக்கும். சாப்பிடாதவர் என்றால் நவம்பரிலேயே சொல்லி வைத்துவிடுங்கள்.