2560×1440 மானிட்டர் 1920×1080-லேயே நிற்கிறது: மோடைக் கையால் சேர்ப்பது

லினக்ஸ் லேப்டாப்பில் எச்டிஎம்ஐ வழியே இணைத்த 2560×1440 மானிட்டர் 1920×1080-க்கு மேல் போகவில்லை, வேறு லேப்டாப்பில் 1440 வந்தது என்று கேட்டிருந்தீர்கள். திரை அளவுப் பட்டியலில் 2560×1440 வராவிட்டாலும் அந்த மோடை (திரை அளவும் புதுப்பிப்பு வேகமும் சேர்ந்த அமைப்பை) நீங்களே சேர்க்கலாம். டெர்மினலில், மோடுக்கான எண்களைக் கணக்கிடும் சிவிடி கட்டளைக்கு மைனஸ் ஆர், 2560, 1440, 60 என்று கொடுங்கள். வரும் மோட்லைனை (அந்த எண்கள் உள்ள வரியை), திரை அமைப்பை மாற்றும் எக்ஸ்ரேண்டர் கட்டளையில் நியூமோடாகப் பதிந்து, ஆட்மோடு மூலம் உங்கள் எச்டிஎம்ஐ போர்ட்டில் சேர்த்து, பிறகு தேர்ந்தெடுங்கள். போர்ட்டின் பெயரை வெறும் எக்ஸ்ரேண்டர் கட்டளையே காட்டும்.

மைனஸ் ஆரை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது இல்லாமல் பிக்சல் கிளாக் (பிக்சல்களை அனுப்பும் வேகம்) 312.25 மெகாஹெர்ட்ஸ் கேட்கும். அது இருந்தால் 241.5 போதும். பழைய லேப்டாப் போர்ட்கள் பல முதல் எண்ணைத் தாங்காது.

வேறு லேப்டாப்பில் 1440 வந்தது என்கிறீர்கள், அதே கேபிளிலா என்று சொல்லவில்லை. என் சந்தேகம் கேபிள் அல்லது அடாப்டர் மேல்தான்: மானிட்டர் தன் அளவுகளைச் சொல்லும் இடிஐடி தகவல் வந்து சேரவில்லை.

சோதிக்க: சிஸ், கிளாஸ், டிஆர்எம் அடைவுக்குள் உங்கள் போர்ட்டின் பெயர் வரும் துணை அடைவில் இருக்கும் இடிஐடி கோப்பில் எத்தனை பைட் என்று டபிள்யூசி மைனஸ் சி கட்டளை கொண்டு எண்ணுங்கள். (கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளை எப்போதும் 0 என்றே காட்டும், நானும் ஒருமுறை அதை நம்பி ஏமாந்தேன்.) 128 அல்லது 256 வந்தால் தகவல் வருகிறது, போர்ட்டின் வரம்பைப் பாருங்கள். 0 என்றால் முதலில் கேபிளை மாற்றுங்கள்.

எக்ஸ்ரேண்டரில் மோடைச் சேர்ப்பது எக்ஸ்11 என்ற லினக்ஸ் திரை அமைப்பில் மட்டும். அதன் புதிய மாற்றான வேலண்டில் நீங்கள் இருந்தால், லாகின் திரையில் எக்ஸ்.ஆர்க் (எக்ஸ்11) அமர்வு கிடைக்குமானால் அதற்கு மாறுங்கள். ரீபூட் செய்தால் சேர்த்த மோடு போய்விடும். திரை கறுத்துப்போனால் அதுவே வசதி. சரியாக வந்த பிறகு அதே கட்டளைகளை, லாகின் செய்யும்போது ஓடும் எக்ஸ்புரொஃபைல் கோப்பில் போட்டுவிடுங்கள்.