முடியையும் சட்டையையும் வைத்து முடிவு செய்யாதீர்கள்

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. சின்ன வயதிலிருந்தே அண்ணன் சட்டைதான் போடுவாள், கால்பந்து என்றால் உயிர். போன மாதம் முடியை கிராப் வெட்டிக்கொண்டு வந்து நின்றாள். வயதுக்கு வந்தபோது சடங்குக்குச் சேலை கட்ட மாட்டேன் என்று ஒரே அழுகை. “இவள் திருநம்பியாக இருப்பாளோ?” என்று நாத்தனார் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. இது வெறும் டாம்பாய் குணமா, அவர் சொல்வது போலவா? டாக்டரிடம் காட்டினால் சரியாகிவிடுமா?
- ஒரு தாய், விருதுநகர் மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரி, நீங்கள் எழுதியிருப்பதை வைத்து உங்கள் மகள் திருநம்பி என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. முடியும் சட்டையும் கால்பந்தும் ஒரு பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்பதைத்தான் சொல்லும். தன்னை யாராக உணர்கிறாள் என்பதை அவள்தான் சொல்ல வேண்டும்.

நாம் டாம்பாய் என்று சொல்கிற பெண்ணுக்குத் தான் பெண் என்பதில் குழப்பம் இருக்காது. பொண்ணுன்னா அடக்கமா உட்காரணும், சத்தமா சிரிக்கக் கூடாது என்று நாம் போடுகிற கட்டளைகளோடுதான் அவளுக்குச் சண்டை. “நான் பொண்ணுதான், பேன்ட் போட்டா என்ன?” என்று கேட்பாள். திருநம்பி என்பவர், பிறந்தபோது பெண் என்று பதிவானாலும் தன்னை ஆணாகவே அறிகிறவர். அவருக்குக் கால்பந்து பிடிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. கோலம் போடுவதில் ஆசையுள்ள திருநம்பியும் இருக்கலாம். இரண்டிலும் அடங்காமல், தன்னை ஆணாகவும் பெண்ணாகவும் உணராதவர்களும் உண்டு. பின்னாளில் யார் மேல் காதல் வரும் என்பது இதோடு சேராத தனி விஷயம், அதை இதில் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அந்தச் சடங்கு அழுகையையே எடுத்துக்கொள்ளுங்கள். சேலை கசகசக்கிறது, மாமன்மார் முன்னால் காட்சிப்பொருள் மாதிரி உட்கார வெட்கமாக இருக்கிறது, மாதவிடாய் வந்ததை மைக் வைத்து ஊருக்கே சொல்ல வேண்டுமா என்ற கோபம் - இதற்காக ஒரு பெண் அழலாம். அந்த அழுகையில் ஒரு தப்பும் இல்லை. இன்னொரு பிள்ளை கண்ணாடியில் தன்னைச் சேலையில் பார்த்து “இது நான் இல்லை” என்று உடைந்து அழலாம். வெளியிலிருந்து பார்க்கிற நமக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

வளரும் பருவத்தில்தான் இந்த வித்தியாசம் கொஞ்சம் தெளிவாக ஆரம்பிக்கும். டாம்பாய் பெண்ணுக்கு மாதவிடாய் ஒரு தொந்தரவு, விளையாட விடமாட்டேன் என்கிறார்களே என்ற எரிச்சல். திருநம்பிப் பிள்ளைக்குத் தன் உடம்பே தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது போல இருக்கும். பள்ளியில் பெண்கள் கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்குமே என்று காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பிள்ளைகள் உண்டு. வெயில் காலத்திலும் உள்ளே இறுக்கமாக இரண்டு பனியன் போட்டு மார்பை மறைப்பவர்கள் உண்டு. யாராவது “தம்பி” என்று கூப்பிட்டால் முகம் மலரும். ஆனால் இதில் ஒன்றைப் பார்த்த உடனே முடிவுக்கு வந்துவிடாதீர்கள். இந்த வயதில் உடம்பை நினைத்துக் கூசாத பெண் அபூர்வம். யாராவது தவறாகத் தொட்டிருந்தாலும் பெண்கள் உடம்பை மறைக்கத் தொடங்குவார்கள், அதையும் மனதில் வையுங்கள். மனநல மருத்துவர்கள்கூட இந்த உணர்வு குறைந்தது 6 மாதமாவது தொடர்கிறதா, அதனால் பிள்ளை எவ்வளவு வேதனைப்படுகிறது என்று பார்த்துத்தான் பேசுவார்கள். மார்பில் கிரேப் பேண்டேஜ் சுற்றுவது தெரிந்தால் மட்டும் உடனே பேசி நிறுத்துங்கள். மூச்சு திணறும், விலா வலிக்கும்.

சரி, எப்படிக் கேட்பது? “நீ பையனா பொண்ணா?” என்று நிற்க வைத்துக் கேட்காதீர்கள். கூட உட்கார்ந்து வெங்காயம் உரிக்கும்போதோ, வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போதோ, முகத்துக்கு முகம் பார்க்காத நேரத்தில் கேளுங்கள்: “சடங்கன்னைக்கு உனக்கு எது ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு?” பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். அவளுக்கே இன்னும் தெரியாமல் இருக்கலாம், 14 வயதில் தெரிந்துதான் ஆக வேண்டுமா என்ன? அதுவரை கிராப்பும் சட்டையும் இருந்துவிட்டுப் போகட்டும். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை.

டாக்டரிடம் காட்டினால் “சரியாகுமா” என்று கேட்டிருக்கிறீர்கள். டாம்பாயாக இருப்பது நோய் இல்லை, திருநம்பியாக இருப்பதும் நோய் இல்லை. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இது மனநோய்களின் பகுதியிலேயே இல்லை. மாற்றிக்காட்டுகிறேன் என்று சிகிச்சை கொடுக்கக் கூடாது என 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் உத்தரவிட்டார். அடுத்த ஆண்டே தேசிய மருத்துவ ஆணையம் அப்படிச் சிகிச்சை கொடுப்பதை மருத்துவர்களின் தொழில் ஒழுக்கக்கேடு என்று அறிவித்தது. ஆகவே மாந்திரீகம், மாத்திரை, “ஒரு கல்யாணத்தைப் பண்ணி வை, சரியாப்போயிடும்” என்று யார் சொன்னாலும் காதில் வாங்காதீர்கள்.

அதேசமயம் பிள்ளை சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல், பள்ளிக்குப் போக மறுத்தால், கையைக் கீறிக்கொண்டால், சாக வேண்டும் என்று ஒரு வார்த்தை சொன்னால், ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் கட்டணமில்லாமல் பேசலாம், நீங்களும் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.

நாத்தனாரிடம் “அவள் நல்லாத்தான் இருக்கா” என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுங்கள். நாளை பிள்ளை உங்களிடம் மனம் திறந்து எதையாவது சொன்னால், அதை அவரிடம் கொண்டு போகாதீர்கள். அப்பாவிடம் சொல்வதா, எப்போது சொல்வது என்பதைக்கூடப் பிள்ளையிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.