பழகின நாய் திடீர்னு வீட்டுக்குள்ள ஒண்ணுக்குப் போனா என்ன பண்றது?

நாலு வருஷமா வெளிய மட்டும் போய்ட்டிருந்த நாய் ஒரு மாசமா ஹால்லயே ஒண்ணுக்குப் போகுது, அடிச்சும் பாத்தாச்சு, தண்ணி வெக்கிறதையும் குறைச்சாச்சு, எப்படி நிறுத்துறதுன்னு கேட்டிருக்கீங்க.

முதல்ல இன்னைக்கே அடிக்கிறத நிறுத்துங்க, தண்ணிக் கிண்ணத்த ரொப்பி வைங்க. உங்க மேல கோவத்துல சொல்லல, இதே தப்ப நானும் பண்ணேன், ரெண்டு வருஷம் ஆகியும் மனசு ஆறல.

எங்க வீட்ல ஜூலி, ஸ்பிட்ஸ், நம்மூர்ல பொமரேனியன்னு சொல்லுவோமே அந்த வெள்ளை நாய். குட்டியில இருந்தே வாசக்கதவப் பிராண்டுவா, திறந்து விட்டா வேப்பமரத்தடிக்குப் போய்ட்டு வந்துருவா. எட்டு வயசுல திடீர்னு ராத்திரியானா சோபா பக்கத்துல குளமா விட ஆரம்பிச்சா. நான் மூக்க அதுல வச்சுத் தேய்ச்சுத் திட்டினேன், எங்க தெருவுல எல்லாரும் சொல்ற வைத்தியம் அதான். அதுக்கப்புறம் அவ என் கண்ணுல படாம கட்டிலுக்கு அடியில போய் போக ஆரம்பிச்சா. வீட்டுக்குள்ள போறது தப்புன்னு அவளுக்குப் புரியவே இல்ல, இந்த ஆளு முன்னாடி போனா அடி விழும்னு மட்டும்தான் புரிஞ்சிருக்கு, வெளிய கூட்டிட்டுப் போனாலும் நான் பக்கத்துல நின்னா போகமாட்டா.

ஒருநாள் காலைல கட்டிலுக்கு அடியில கூட்டப் போன அம்மா "டேய் இங்க வந்து பாரு"ன்னு கூப்பிட்டாங்க. காஞ்சு போன அந்த இடத்துல கருப்பா எறும்பு மொய்ச்சிருக்கு, சுவத்தோரமா இன்னும் வரிசையா வந்துட்டே இருக்கு. எங்க தாத்தாவுக்கு சுகர் இருக்குன்னு வீட்ல சந்தேகம் வந்ததே இப்படித்தானாம். அன்னைக்கே ஜூலிய டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடினோம், சுகர் வெறும் வயித்துல 400ஐத் தாண்டி இருந்துச்சு, நல்லா இருக்கிற நாய்க்கு ஏறக்குறைய 80ல இருந்து 120க்குள்ள இருக்கணும். ரத்தத்துல சுகர் ரொம்ப ஏறுனா ஒண்ணுக்குல இறங்கும், போகும்போது தண்ணியையும் சேத்து இழுத்துட்டுப் போகும், உடம்பு வத்துறதால நாய் குடிச்சுக்கிட்டே இருக்கும், அவ்வளவையும் விடிய விடிய அடக்க முடியாது. அந்த நிலைமைல தண்ணியக் குறைச்சா உயிருக்கே ஆபத்து. ஜூலிக்கு கருத்தடை பண்ணல, ஹீட், அதான் இணை சேர்ற பருவம், முடிஞ்சு கொஞ்ச வாரத்துலதான் இது கிளம்புச்சு, அந்த நேரத்துல சுரக்குற ஹார்மோன் இன்சுலின வேலை செய்ய விடாதுன்னு சொல்லி ஆபரேஷனும் பண்ணச் சொன்னாங்க, பண்ணோம்.

உங்க நாய்க்கும் சுகர்தான்னு சொல்ல வரல. யூரின் இன்ஃபெக்ஷனா இருக்கலாம், கல்லு, கிட்னி, இல்ல அரிப்புக்கு குடுத்த ஸ்டீராய்டு மாத்திரையாக் கூட இருக்கலாம். கருத்தடை பண்ண பொட்ட நாயா இருந்து அது படுத்திருந்த இடம் மட்டும் நனைஞ்சிருந்தா அது தூக்கத்துல ஒழுகுறது, அதுக்கே தெரியாது, மருந்து இருக்கு. காலைல முதல் ஒண்ணுக்கப் பிடிக்க ஒரு பழைய குழிக்கரண்டிய நல்லாக் கழுவிக் காய வச்சுக்கோங்க, அது போக ஆரம்பிச்சதும் பின்னாடி இருந்து மெதுவா நீட்டுங்க, முன்னாடியே நீட்டுனா எந்திரிச்சுரும். பிடிச்சத மருந்துக்கடை யூரின் டப்பால ஊத்தி சீக்கிரமே நாய் டாக்டர்கிட்ட டெஸ்டுக்குக் கொண்டு போங்க, லேட்டாகும்னா ஃபிரிட்ஜ்ல வைங்க. டெஸ்ட்ல ஒண்ணும் இல்லன்னு வந்தா மட்டும் பழக்கத்தப் பத்தி யோசிக்கலாம். ஆண் நாய் சோபா கால்ல கொஞ்சூண்டு அடிச்சா அது வேற, இடம் பிடிக்கிற புத்தி. தீபாவளி வெடிக்குப் பயந்து வெளிய போக மாட்டேன்னு உள்ளயே போற நாயும் இருக்கு, அதையும் அடிக்கவே கூடாது.

தொடைக்கிறதுல நிறைய பேர் தப்பு பண்றாங்க. பினாயில் போட்டா நம்ம மூக்குக்குத்தான் வாடை போகும், நாய்க்கு அந்த இடம் இன்னும் கக்கூஸ்தான். பெட் ஷாப்ல என்சைம் கிளீனர்னு கேளுங்க, டைல்ஸ் இடுக்குல இறங்குற மாதிரி ஊத்தி பாட்டில்ல போட்டிருக்கிற நேரம் ஊற விடுங்க. கள்ள நோட்டு பாக்குற நீல லைட்ட ராத்திரி எல்லா லைட்டையும் அணைச்சுட்டு அடிச்சுப் பாத்தா பழைய கறையெல்லாம் மஞ்சளா மின்னும், எங்க வீட்ல நாங்க தொடச்ச இடம் ரெண்டு, லைட்ல தெரிஞ்சது ஏழு. பிளீச்சிங் பவுடர் மட்டும் வேண்டாம், மூத்திரத்தோட சேந்தா வர்ற புகை மூச்ச அடைக்கும்.

அப்புறம் குட்டிக்குப் பழக்குற மாதிரியே முதல்ல இருந்து, தூங்கி எந்திரிச்சதும், சாப்பிட்டதும், படுக்கப் போறதுக்கு முன்னாடியும் நீங்களே கூட்டிட்டுப் போங்க, போய் முடிச்ச அந்த நிமிஷமே ஒரு துண்டு பிஸ்கட் குடுங்க. ஜூலிக்கு பிஸ்கட் கூடாதுன்னு வேகவச்ச கோழி கொஞ்சூண்டு குடுத்தேன், நான் நிக்கும்போதே போக அவளுக்கு முழுசா ரெண்டு மாசம் ஆச்சு.

இப்ப பத்து வயசு. பன்னெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இன்சுலின் ஊசி, சுகரால ரெண்டு கண்ணுலயும் புரை விழுந்துருச்சு. ராத்திரி 2 மணி வாக்குல இப்பவும் கதவப் பிராண்டுவா. வாசப்படில ஒரு கோணிச்சாக்கு விரிச்சு வச்சிருக்கேன், கால்ல அது சொரசொரன்னு பட்டதும் படிய மெதுவா இறங்கி அவளாவே வேப்பமரத்தடிக்குப் போய்ட்டு வந்துருவா.